அடித்த வரி

ஊரே கிளம்பிப் போன அந்தச் சித்திரையில்
நாங்களும் வாலாஜா வரை போனோம்.
ஒன்பதாம் நாள் நாகரத்தினம் மூட்டை கட்டிவிட்டாள்.
"அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் ஒண்ணுதான்.
தபால்காரன் தட்டிப் பார்த்துட்டுப் போயிட்டா?"
குண்டு விழும் என்றேன்.
விழட்டும், கதவு திறந்திருக்கணும் என்றாள்.

சூளையில் எங்கள் தெருவில்
நாலு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது.
கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினேன்.
விளக்கைத் தணித்து உட்கார்ந்தால்
ராத்திரியில் என்னவோ குறைந்தது.
என்னவென்று பிடிபடவில்லை.
மறுநாள் பால்காரர் சொன்னார்:
உயிர்க் காலேஜில் போலீஸ் வந்து
சிங்கம் புலி கரடி
எல்லாவற்றையும் சுட்டுவிட்டார்களாம்,
கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று.

தனகோட்டி சின்னவனாக இருந்தபோது
அந்தச் சிங்கம் ஒரு தரம் கத்தினால்தான் தூங்குவான்.
கத்தாத நாளில் நான் கத்தவேண்டும்.
பக்கத்து வீட்டு ஜெகதாம்பா
இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.
இப்போது அவளும் வேலூரில்.

மவுண்ட் ரோடு ஷெட்டில் லாரி ஓட்டக் கற்றான்.
பட்டாளத்து மோட்டார் கம்பெனியில் சேர்ந்தான்.
சிங்கப்பூர் விழுந்தது.
அப்புறம் இருபது மாதம்
அரிசி கிடைத்ததா, மண்ணெண்ணெய் கிடைத்ததா
என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை எங்களுக்குள்.

ஐப்பசி மழையில் கூவம் ஏறி வந்த வாரம்
அட்டை வந்தது. ஓரம் நனைந்து.
முழுக்க அச்சு. பெயர்கூட டைப்.
கூட்ஸ் ஷெட் இங்கிலீஷ்தான் எனக்கு:
மூட்டை, பேல், சேதம், குறைவு.
எழுத்துக் கூட்டி வாசித்தேன்:
என் உடல்நிலை மிக நன்று.
"யார் சொன்னது?"
அச்சில் இருக்கிறது என்றேன்.
"அச்சடிச்சவனுக்கு எம்பிள்ளையைத் தெரியுமா?"

கீழே இன்னும் இரண்டு வரி,
சுமார், நலமில்லை என்று.
இரண்டையும் பென்சிலால் அடித்திருந்தது.
அவன் கை பட்டது அவ்வளவுதான்.
விரல் வைத்துக் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
"கோடு வலது பக்கம் தூக்கிக்கிட்டுப் போகுது.
சிலேட்டுலயும் இப்படித்தான் போடுவான்.
அவன்தான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.
சால்ட் கோட்டர்ஸ் கணக்கில்
ஒரு வரியை நான் அடித்தால்
அந்த மூட்டை வந்து சேரவில்லை என்று பொருள்.
அவன் அடித்ததற்கு என்ன பொருள்?
சொல்லவில்லை அவளிடம்.

பதிலுக்கு இருபத்தைந்து வார்த்தை அனுமதி,
அதுவும் இங்கிலீஷில், பெரிய எழுத்தில்.
தமிழாக இருந்தால்
நாலு சொல்லை ஒட்டி ஒன்றாக்கி ஏமாற்றியிருப்பேன்.
தங்கச்சிக்கு நிச்சயமானது,
முருங்கை விழுந்தது,
ரேஷனில் கோதுமை தருகிறார்கள்
அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை,
சொல்லிக்கொண்டே போனாள்.
எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினேன்.
அவள் காலில் கட்டு போட்டிருந்ததை எழுதவில்லை.
எண்ணிப் பார்த்தேன். இரண்டு மிச்சம்.

"சிங்கம் சௌக்கியம்னு போடுங்க."

செத்துப்போச்சே என்றேன்.
"அவனுக்குத் தெரியாதில்ல."

போட்டேன்.
தபாலாபீஸ் வரிசையில் நிற்கும்போது பயம் வந்தது.
சென்சார்காரன் சிங்கத்தைக் கண்டால்
ஏதோ சங்கேதம் என்பான்,
அட்டையே போகாது.
கவுண்டரில் கட்டியிருந்த பேனாவை எடுத்து
அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தேன்.

ஒற்றைக் கோடுதான்.
ஷெட்டில் அதுதான் சட்டம்:
அடித்தாலும்
அடியில் இருப்பது தெரியவேண்டும்.

வீட்டுக்கு வந்தேன்.
கோதுமை மாவில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்,
கல்லோடு பிய்ந்து வந்தது.
"சிங்கம் போச்சா?" என்றாள்.
போச்சு என்றேன்.